ஊனமுற்ற தாராவுக்கு ஓர் உபயகாரர்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)





இன்றைய கூட்டத்துக்கு நான் கொடுத்த தலைப்பை அறிவித்தற் பலகையிலே கண்ட நண்பர் சிலர் நகைத்தார்கள். "சைவ சித்தாந்தத்தில் பேச ஒன்றும் அகப்படவில்லையோ?" என்றார் ஒருவர். "தாராவைப் பற்றியென்றால் கறியைப் பற்றியா, முட்டையைப் பற்றியா?" என்றார் மற்றவர். இரண்டாவது கேள்வி வேடிக்கையாகக் கேட்கப்பட்டதே ஆயினும், நான் பேச வந்த பொருளின் வேர் அதிலேதான் இருக்கிறது. கறிக்கும் உதவாது, முட்டையும் இடாது, நாலடி நடக்கவும் மாட்டாது என்ற நிலையிலுள்ள ஒரு தாராவை வைத்து மனிதன் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சில சாதாரண மனிதர் மாதந்தோறும் பணம் அனுப்பி விடை கூறுகிறார்கள். அந்தப் பணம் எதை வாங்குகிறது என்பதே இன்றைய என் விசாரணை.

புத்தகத்திலே வாத்து என்று எழுதுகிறோம். ஊரிலே தாரா என்கிறோம். நான் ஊர்ச்சொல்லையே வைத்துக்கொள்கிறேன். அவ்வாறே, ஆங்கிலத்திலே 'ஸ்பொன்சர்' என்று சொல்லப்படுபவரைக் குறிக்கப் புதுச் சொல் தேட வேண்டியதும் இல்லை. கோயில் திருவிழாவிலே ஒரு நாட் செலவை ஏற்பவரை நாம் உபயகாரர் என்கிறோம் அல்லவா? ஊனமுற்ற ஒரு தாராவின் செலவை ஏற்பவரும் உபயகாரரே. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. திருவிழா உபயம் ஒரு நாளோடு முடியும். மேளமும் உண்டு, மாலையும் உண்டு, நோட்டீசிலே பெயரும் உண்டு. தாராவின் உபயம் அது சாகும்வரை நீளும். நல்ல பராமரிப்பிலே தாரா பத்து ஆண்டு வரையும் இருக்கக்கூடிய பிராணி!

முறை மிக எளியது. கைவிடப்பட்ட பிராணிகளை வைத்துக் காக்கும் புகலிடம் ஒன்று, தன்னிடமுள்ள தாராவின் படத்தையும், அதற்கு இட்ட பெயரையும், அதன் காலுக்கோ சிறகுக்கோ நேர்ந்த கதியையும் வெளியிடும். அதைப் பார்த்த ஒருவர் மாதம் இவ்வளவு என்று சிறு தொகை ஒன்றை ஏற்பார். அவருக்கு ஒரு சான்றிதழும் படமும் அனுப்பப்படும். இடையிடையே சுகசெய்தி வரும். தாரா அவர் சொத்தாகாது. வீட்டுக்கு அழைத்துப்போகவும் முடியாது. பெரும்பாலும் ஒருவருடைய தொகை ஒரு தாராவுக்குப் போதாது. ஆகையால் ஒரே தாராவுக்கு உபயகாரர் பலர் இருப்பதும் உண்டு. படத்திலே முகம் காட்டும் தாரா, படம் பிடிக்கப்படாத வேறு பலவற்றுக்கும் சேர்த்தே உழைக்கிறது என்று சொல்லலாம். இதிலே ஏமாற்று ஒன்றும் இல்லை. வைக்கோலும் மருந்தும் வேலியும் கூலியும் பொதுச் செலவுகள்; அவற்றை ஒரு தாராவுக்கு இத்தனை என்று அரிந்து கொடுக்க எவராலும் இயலாது.

இனி, இந்தத் தாராக்களுக்கு ஊனம் எப்படி வருகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் "அது அதன் வினை, நாம் என்ன செய்வது" என்று கூறும் பெரியவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள்.

வீட்டுத் தாராக்களிற் பெரும்பாலானவை காட்டுத் தாரா ஒன்றின் வழியில் வந்தவை. அந்தக் காட்டுத் தாரா ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ளது. கண்டம் விட்டுக் கண்டம் பறக்க வல்லது. சீன தேசத்திலே மனிதர் அதைப் பழக்கிப் பெருக்கினார்கள். அவ்வாறு உண்டான வெள்ளைப் பீக்கிங் தாரா 1873இல் கப்பலேறி அமெரிக்காவின் லோங் ஐலண்டுக்குப் போயிற்று. அதன் பின்னர் இறைச்சிக்காக மேலும் மேலும் பருமனாக்கப்பட்டது. இன்று பண்ணையிலே வளரும் பீக்கிங் தாரா ஏழு வாரத்திலேயே மூன்று கிலோவை எட்டிவிடும், எட்டியதும் கொல்லப்படும். தாராவின் கால் நீந்துவதற்கென அமைந்த கால். மூன்று கிலோவைச் சுமந்து நிலத்திலே பல்லாண்டு நடப்பதற்கென்று அதை எவரும் அமைக்கவில்லை. ஏழு வாரத்துக்கு மேல் அது தாங்கவேண்டும் என்று எண்ணியவரும் இல்லை. அப்படிப்பட்ட தாரா ஒன்று தற்செயலாகத் தப்பிப் பிழைத்தால், அதன் உடலே அதன் கால்களுக்குப் பகையாகிறது. பாதத்தின் அடியிலே காய்ப்பு உண்டாகி, புண்ணாகி, கிருமி புகுந்து சீழ் கட்டும். வன்தரையிலே நிற்கும் பறவைக்கு இது இன்னும் விரைவில் வரும். மாதக்கணக்கிலே மருந்திட்டுக் கட்டவேண்டிய புண் அது.

வேறு வழிகளும் உண்டு. மேல்நாட்டிலே ஈஸ்டர் பண்டிகைக் காலத்திலே பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாகத் தாராக் குஞ்சுகளை வாங்கிக் கொடுப்பார்கள். குஞ்சு வளர்ந்து வீட்டை அசுத்தஞ் செய்யத் தொடங்கியதும், பக்கத்துப் பூங்காக் குளத்திலே கொண்டுபோய் விடுவார்கள். "தண்ணீர் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும்" என்பது அவர்கள் சமாதானம். பருத்த உடலுள்ள அந்தத் தாராவுக்குப் பறக்க முடியாது. நாய் வந்தாலும் நரி வந்தாலும் அகப்பட்டுக்கொள்ளும். இன்னும் சிலர் கோழிக்குஞ்சுத் தீனையே தாராக் குஞ்சுக்கும் போடுவார்கள். நயாசின் என்னும் விட்டமின் தாராக் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட மிக அதிகமாக வேண்டும். அது குறைந்தால் கால் வளைந்து, குஞ்சு நிற்கவும் மாட்டாமற் போகும். ஆரம்பத்திலேயே கண்டு, மதுவம் கலந்த தீன் கொடுத்தால் திருத்தலாம். காலம் தாழ்ந்தால் ஆயுள் முழுவதும் ஊனந்தான்.

வினையைப் பற்றிப் பேசுவதானால் இங்கே பேசுவோம். இவற்றுள் எது தாராவின் வினை? கணக்கைப் பார்த்தால், எல்லாம் மனிதன் கையெழுத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. சைவ நூல்கள் வினையைப் பற்றிச் சொன்னது, நான் என் வினையை அறிந்து திருந்துவதற்காக. மற்றவனுடைய ஏட்டைப் பிரித்துப் படித்து, 'இவன் அனுபவிக்க வேண்டியவன்' என்று தீர்ப்புக் கூற எனக்கு அதிகாரம் எவரும் தரவில்லை. ஊனமுற்ற பறவைக்கு இவ்வாறு தீர்ப்புக் கூறும் வாய், ஊனமுற்ற குழந்தையின் தாயிடமும் அதே தீர்ப்பைக் கூறுவதை நம் ஊர்களிலே நாம் கேட்டிருக்கிறோம். அதனாலேதான் இந்த நியாயத்தை ஒரு தாராவின் விஷயத்திலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டு தாராக்களின் வரலாற்றைச் சொல்கிறேன். அமெரிக்காவிலே நியூயோர்க் மாநிலத்தில் வொட்கின்ஸ் கிளென் என்ற ஊரில் 'பாம் சாங்சுவரி' என்னும் புகலிடம் இருக்கிறது. 1986இல் ஜீன் பௌர் என்பவரும் லொரி ஹியூஸ்டன் என்பவரும் தொடங்கிய ஸ்தாபனம் அது. பென்சில்வேனியாவிலே ஒரு கால்நடைச் சந்தையின் பின்புறத்தில், செத்த பிராணிகளைக் குவித்திருந்த குவியலிலே ஓர் ஆடு இன்னும் உயிரோடு தலை தூக்கியது. அந்த ஆட்டைத் தூக்கிவந்ததே அவர்களுடைய முதற் கைங்கரியம். கையிலே பணம் இல்லை. இசைக் கச்சேரிகள் நடக்கும் இடங்களிலே ஒரு வாகனத்தை நிறுத்தி, மாமிசம் சேராத உணவு விற்றுச் செலவைச் சமாளித்தார்கள். ஹில்டா என்று பெயரிடப்பட்ட அந்த ஆடு பின்னர் பல்லாண்டு வாழ்ந்தது.

அந்தப் புகலிடத்துக்கு 2006இல் ஹார்ப்பர், கோல் என்ற இரண்டு ஆண் தாராக்கள் வந்து சேர்ந்தன. பருத்த ஈரலுக்காக வளர்க்கப்பட்ட சாதி அவை. இந்த ஈரலுணவைப் பிரெஞ்சுக்காரர் 'புவா கிரா' என்பார்கள். தாராவின் தொண்டையிலே குழாயைச் செலுத்தி, நாளுக்கு இரண்டு மூன்று முறை, வாரக்கணக்கிலே தீனைத் திணித்து, ஈரலை இயல்புக்குப் பன்மடங்கு வீங்கவைப்பது அதன் செய்முறை. கலிபோர்னியா மாநிலம் இதைத் தடுத்து 2004இல் சட்டம் இயற்றி 2012இல் அமுலாக்கியது. இந்தியா 2014இல் இந்த ஈரலின் இறக்குமதியையே தடை செய்தது.

இரண்டு தாராவுக்கும் ஈரல் கெட்டிருந்தது. கோலின் கால்கள் முறிந்து, வைத்தியமின்றிக் கோணலாகவே பொருந்தியிருந்தன. ஹார்ப்பருக்கு ஒரு கண் தெரியாது. மனிதரைக் கண்டால் இரண்டும் நடுங்கும். ஆனால் ஒன்றையொன்று விட்டுப் பிரியா. ஒன்று நொண்டும், ஒன்று பாதி குருடு. இரண்டும் சேர்ந்து நான்கு ஆண்டு வாழ்ந்தன. 2010இல் கோலுக்கு நடக்கவே முடியாமற் போயிற்று. வேதனை மருந்துக்கு அடங்கவில்லை. மிருக வைத்தியர் ஊசி ஏற்றி அதன் உயிரை அமைதியாக முடித்தார். ஹார்ப்பரை அப்போது அருகிலேயே நிற்க விட்டிருந்தார்கள். அது உடலின் அருகே வந்து பார்த்தது, தலையாலே தள்ளியது. பின்னர் பக்கத்திலே படுத்து, தன் கழுத்தைத் தோழனின் கழுத்தின்மேல் போட்டுக்கொண்டு நெடுநேரம் கிடந்தது. அதன் பின் ஹார்ப்பர் வேறு தாராவோடு சேரவில்லை. இரண்டு மாதத்திலே அதுவும் இறந்தது. விலங்குகளின் துயரம் பற்றி 2013இல் நூல் எழுதிய மானிடவியற் பேராசிரியை பாபரா கிங் இந்த வரலாற்றையும் அதிலே எடுத்துக் கூறுகிறார்.

துயரம் என்ற சொல்லைத் தாராவுக்குப் பயன்படுத்தலாமா என்று எங்கள் சர்வகலாசாலையிலே விஞ்ஞானம் பயிலும் நண்பர்கள் தர்க்கிப்பார்கள். தர்க்கிக்கட்டும். நான் கவனிப்பது வேறொன்று. முட்டையும் இடாத, நடக்கவும் முடியாத, மனிதரைக் கண்டால் ஒளித்துக்கொள்ளும் இரண்டு ஆண் தாராக்களுக்கு நான்கு ஆண்டு யாரோ தீன் போட்டார்கள், புண் கழுவினார்கள், இருவரையும் பிரிக்காமல் வைத்தார்கள். அந்த நட்பு வெளிப்படுவதற்கு நான்கு ஆண்டு வேண்டியிருந்தது. ஏழு வாரத்திலே அது எப்படி வெளிப்படும்?

அடுத்து, கால் இழந்த ஒரு தாரா. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலே, ஓர் உயர்தரப் பாடசாலையின் உயிரியல் ஆய்வுகூடத்தில் 2012 நவம்பரிலே பொரித்த 'பட்டர்கப்' என்னும் தாராவுக்கு இடக்காற் பாதம் பின்னோக்கித் திரும்பியிருந்தது. நடந்தால் தேய்ந்து புண்ணாகும். ஆர்லிங்டன் என்ற ஊரிலே நீர்ப்பறவைகளுக்கென இருந்த சிறு புகலிடம் ஒன்று அதை ஏற்றது. 2013இல் அந்தப் பாதத்தை வெட்டி நீக்கவேண்டி வந்தது. புகலிடத்துக்காரர் முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருக்கும் கம்பனி ஒன்றின் உதவியை நாடினார். பட்டர்கப்பின் சகோதரி மின்னியின் இடக்காலைப் பல பக்கத்திலிருந்தும் படமெடுத்து, அந்த அளவிலே வடிவம் அமைத்தார்கள். பிளாஸ்டிக்கிலே நேராக அச்சிட்ட பாதம் வளையவில்லை. ஆகவே அச்சொன்றை அச்சிட்டு, அதிலே சிலிக்கோனை வார்த்தார்கள். அந்தப் பாதத்தைப் பூட்டியதும் தாரா நடந்தது. கூத்தாகத் தோன்றலாம், ஆனால் இதைச் செய்தவர்கள் தாராவின் கால் எவ்வாறு மடிகிறது, நிலத்தை எவ்வாறு மிதிக்கிறது என்பதைப் பொறுமையோடு பார்த்திருக்கிறார்கள்.

இந்த இடத்திலே ஒரு கேள்வி உங்கள் நெஞ்சிலே எழும்; எழ வேண்டும். யுத்தத்திலும் மிதிவெடியிலும் கால் இழந்த மனிதர் நம் ஊர்களில் எத்தனையோ பேர் இருக்க, தாராவுக்கு ஒரு செயற்கைப் பாதமா? இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பணம் அளவுக்கு உட்பட்டது. ஒரு பிள்ளை கால் வேண்டிக் காத்திருந்தால் பிள்ளைக்கே முதலிடம். அதிலே எனக்குத் தயக்கம் கிடையாது. ஆனால் முதலிடம் என்பது ஒரே இடம் அன்று. 1987இல் யாழ்ப்பாணத்திலே ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கப்பட்டு, அன்று முதல் கால் இழந்தோருக்குச் செயற்கைக் கால் செய்து கொடுத்து வந்திருக்கிறது. அதற்குப் பணம் கொடுத்தவர்களையும், நாய்க்கு ஒரு பிடி சோறு வைப்பவர்களையும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வீட்டுக்காரராகவே இருப்பார்கள். "மனிதன் இருக்க மிருகமா?" என்று கேட்பவர், அந்த மனிதனுக்கு என்ன கொடுத்தார் என்று திருப்பிக் கேட்டால் பலமுறை பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

ஜெய்ப்பூர்க் காலைப் பற்றி இன்னொரு வார்த்தை. 1968 அளவிலே ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் சேத்தியும் சேர்ந்து அதை அமைத்தார்கள். மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து வேண்டும். அதை வைத்துச் சம்மணங் கொட்டி இருக்க முடியாது, வயலிலே இறங்க முடியாது. நம்மவர் வெறுங்காலோடு நடப்பவர், குந்தியிருப்பவர், சேற்றிலே நிற்பவர் என்பதைக் கண்டு, இறப்பரிலே அதற்கேற்ற பாதத்தை அவர்கள் வார்த்தார்கள். கொடுப்பவன் தன் கண்ணாற் பார்ப்பதைவிட, பெறுபவனுடைய காலைக் கொண்டு பார்க்க வேண்டும். மின்னியின் காலைப் படமெடுத்தவர்கள் செய்ததும் அதுவே.

கடையெழு வள்ளல்களிலே பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அவன் நெஞ்சின் ஈரத்தை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். ஆயினும் மயிலுக்குப் போர்வை எதற்கு? உபயகாரர் விஷயத்திலும் இந்த அபாயம் உண்டு. குளத்தங்கரைக்குப் போய்த் தாராவுக்கு ரொட்டித் துண்டு வீசுவது அன்புதான். ஆனால் ரொட்டி வயிற்றை நிரப்பிப் போஷாக்கைக் கெடுக்கும். தாராவுக்கு வேண்டுவது என்ன என்பதை அறியச் சிலர் ஆராய்ச்சியே செய்தார்கள். ஒக்ஸ்போட் சர்வகலாசாலையிலே மரியன் டோக்கின்ஸ் என்னும் பேராசிரியையும் அவர் குழுவினரும், பண்ணைத் தாராக்களுக்குக் குளம், தொட்டி, மேலிருந்து பொழியும் தூவாணம், குடிக்க மட்டும் உதவும் முலைக்குழாய் என்பவற்றை அமைத்து, எதிலே அவை சுகமாக இருக்கின்றன என்று பார்த்தார்கள். அரசாங்கப் பணத்திலே நடந்த அந்த ஆய்வு 2009இல் வெளியானபோது, "தாராவுக்குத் தண்ணீர் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க இவ்வளவு செலவா!" என்று அங்கே பத்திரிகைகள் கேலி செய்தன. கேலி செய்தவர்கள் ஒன்றை மறந்தார்கள். பண்ணைகளிலே பல தாராக்கள் குடிக்கும் குழாயைத் தவிர வேறு தண்ணீரைக் காணாமலே சாகின்றன. குளம் வெட்ட முடியாத இடத்திலும் தூவாணம் ஒன்று போதும், கண்ணும் மூக்கும் இறகும் சுத்தமாக இருக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். நடக்க முடியாத தாராவுக்குத் தண்ணீர் இன்னும் அவசியம். நிலத்திலே சுமையான உடல் நீரிலே சுமையற்றுப் போகிறது, கால் ஆறுதலடைகிறது. ஊனமுற்ற தாராவை நாளுக்கு ஒருமுறை தொட்டியிலே மிதக்க விடுவதற்கு ஒருவர் கையும் நேரமும் வேண்டும். உபயகாரரின் பணம் இப்படித்தான் கரைகிறது.

பணத்தைப் பற்றி வந்ததால் ஒரு பழைய சம்பவம். இலண்டனிலே 1824இல் பிராணிகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் முதற் காரியதரிசி ஆதர் புறூம் என்னும் பாதிரியார். சங்கம் கடன்பட்டது, அந்தக் கடனுக்காகப் பாதிரியாரைச் சிறையிலே போட்டார்கள். மிஷன் பாடசாலையிலே படித்தவன் நான். சிட்டுக்குருவியும் கடவுளின் கணக்கிலே தவறுவதில்லை என்று அங்கே போதித்தார்கள். குருவியின் கணக்கைக் கடவுள் பார்த்துக்கொள்வார். சங்கத்தின் கணக்கை நாமே பார்க்க வேண்டும் என்பதற்கு அந்தப் பாதிரியார் சாட்சி. திரளான அன்பு ஒரு நாளிலே பொங்கி மறுநாள் வற்றிவிட்டால், நடுவிலே நிற்பது தீன் கடைக்காரனின் பற்றுச்சீட்டு. ஆகையாற்றான் ஒரே தடவையில் ஆயிரம் கொடுப்பவரைவிட, மாதம் நூறு ரூபாவைத் தவறாமற் கொடுப்பவரைப் புகலிடத்துக்காரர் விரும்புகிறார்கள்.

நாம் இதிலே புதியவர்கள் அல்லர் என்று பெரியோர்கள் சொல்வது உண்மை. அசோகனின் இரண்டாம் பாறைச் சாசனம், மனிதருக்கும் விலங்குக்கும் என இருவகை வைத்தியத்தைத் தன் நாட்டிலும் எல்லை நாடுகளிலும் ஏற்படுத்தியதாகக் கூறுகிறது. அந்த எல்லை நாடுகளிலே சோழரும் பாண்டியரும் தாமிரபரணியாகிய இலங்கையும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. தில்லியிலே செங்கோட்டைக்கு எதிரே சமணர் நடத்தும் பறவை வைத்தியசாலை உலகப் பிரசித்தமானது. நமது நாவலர் பெருமான் கோயில்களிலே உயிர்ப்பலி கூடாதென்று அஞ்சாமற் கண்டித்தவர். இந்த நாட்டிலேயே பின்னவலையில் 1975இல் தாயற்ற யானைக்கன்றுகளுக்கென ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. மிதிவெடியிலே முன்காலைப் பறிகொடுத்த சாமா என்னும் பெண்யானை அங்கே வளர்ந்தது. மன்னாரிலே, வாகனத்தில் அடிபட்டும் காயமுற்றும் தெருவிலே திரியும் கழுதைகளுக்கென வைத்திய நிலையம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஆனால் பெருமையைப் பட்டியலிட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை மட்டும் சைவமாக இருந்துவிட்டால், மற்ற ஆறு நாளும் எங்கே போயின என்று அந்த அசோகனே கேட்பான்!

கடைசியாக, சொல்லக் கடினமான பகுதிக்கு வருகிறேன். கோல் என்ற தாராவை ஊசியேற்றிக் கொன்றார்கள் என்றபோது முன்வரிசையிலே சில முகங்கள் சுருங்கியதைக் கண்டேன். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் அதை எப்படி ஏற்பது?

1927 நவம்பரிலே, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்றுக் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டிலே அவருடைய சபர்மதி ஆசிரமத்தில் ஊனமுற்ற கன்று ஒன்று நோயிலே வீழ்ந்தது. புரண்டு படுக்கவும் முடியாமல், உடலெல்லாம் புண்ணாகி, மருந்துக்கு மீறிய நிலையை அடைந்தது. வைத்தியர் கைவிட்டார். காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு பலமுறை ஆலோசித்து, இறுதியிலே வைத்தியரைக் கொண்டு நஞ்சூசி ஏற்றுவித்தார். இதைத் தம் பத்திரிகையிலே தாமே எழுதினார். குஜராத்திலே பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அகிம்சையின் பெயராலேயே அவரை நிந்தித்துக் கடிதங்கள் குவிந்தன. தன் நலத்துக்காகவோ கோபத்தாலோ ஓர் உயிருக்குத் துன்பம் செய்வதே இம்சை, வேறு பரிகாரமே இல்லாத வேதனையை அந்த உயிரின் நன்மையை மட்டும் கருதி முடிப்பது இம்சையன்று என்பது அவர் நிலை.

இதிலே இருபக்கமும் வாதம் உண்டு. உயிரைக் கொடுக்க முடியாதவனுக்கு எடுக்கும் உரிமை இல்லை என்று என் பாட்டனார் போன்றவர்கள் சொல்வதை மூடத்தனம் என்று நான் தள்ளமாட்டேன். அந்தக் கண்டிப்பு இல்லாத இடத்திலே கருணையின் பெயராலே சோம்பேறித்தனம் உள்ளே நுழையும். 'நொண்டிப் பிராணி, துன்பப்படுகிறது, முடித்துவிடுவோம்' என்று சொல்பவனின் மனத்தை ஆராய்ந்தால், பலவேளை துன்பப்படுவது பிராணியன்று, அவன் பணப்பையே. அதே சமயத்தில், சாகவும் விடாமல், வலியை நீக்கவும் வழியின்றி, கொட்டிலின் மூலையிலே புழுப்பிடிக்க விட்டுவிட்டு, 'நாங்கள் கொல்லவில்லை' என்று பெருமைப்படும் இடங்களும் இருக்கின்றன. நான் காந்தியடிகளின் பக்கமே நிற்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு நிற்கிறேன். அந்தத் தீர்மானத்தைச் செய்பவர், அந்த உயிருக்கு மாதக்கணக்காகத் தன் கையால் தீன் போட்டவராக இருக்க வேண்டும். தீர்மானத்திலே செலவு என்ற சொல் ஒருபோதும் நுழையக் கூடாது.

உபயகாரர் எதை வாங்குகிறார் என்று தொடக்கத்திலே கேட்டேன். தீனும் மருந்தும் வைக்கோலும் ஒருபுறம் இருக்கட்டும். அவர் பணம் மாதந்தோறும் வந்துகொண்டிருப்பதனாலே, வைத்தியரும் பராமரிப்பவரும் அந்தத் தாராவின் அருகே குந்தியிருந்து, 'இன்னும் சாப்பிடுகிறதா? தண்ணீரைக் கண்டால் தலையை நனைக்கிறதா? தோழனைத் தேடுகிறதா?' என்ற கேள்விகளை மட்டும் கேட்க முடிகிறது. 'இதற்கு இன்னும் எவ்வளவு செலவாகும்?' என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. அது சாப்பிடுமட்டும் வாழும். எத்தனை மனித நோயாளிக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கிறது என்பதை வைத்தியசாலை வாசலிலே காத்துநின்ற எவரும் அறிவர்.

தாரா இறந்ததும் உபயகாரருக்குக் கடிதம் வரும். வேறொரு தாராவை ஏற்கிறீர்களா என்று கேட்பார்கள். சிலர் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். அவர்களை நான் குறைகூறமாட்டேன். பார்த்தே அறியாத ஒரு பறவைக்காக அழுதவர் ஓய்வெடுக்க உரித்துடையவர்.

தலைவர் அவர்களே, பிற தேசத்துத் தாராவுக்கு இங்கிருந்து பணம் அனுப்ப வேண்டும் என்று நான் கேட்க வரவில்லை. நமது ஆண்டு விழாவிலே பேச்சாளருக்கும் பிரமுகருக்கும் மாலையும் பொன்னாடையும் வாங்கும் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து, அரசாங்க மிருக வைத்தியர் காட்டும் ஊனமுற்ற ஓர் உயிருக்கு, அது நாயோ கழுதையோ ஆடோ, அதன் ஆயுள்வரை மாதந்தோறும் கொடுக்க வேண்டும் என்றும், அதன் செலவுக் கணக்கை அறிவித்தற் பலகையிலே மாதமொருமுறை இடவேண்டும் என்றும் ஒரு பிரேரணையை எழுத்திலே காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். முதலாவது மாலையைத் துறக்க நான் ஆயத்தம். எனக்கு எவரும் போடப்போவதில்லை என்பதனால் அதிலே தியாகம் ஒன்றுமில்லை. பெரியவர்களிடமிருந்தே ஆமோதிப்பு வரவேண்டும் என்பது என் ஆசை. ஆமோதிப்பதற்கு ஒருவர் வேண்டும்.